மலை இறங்கின ரெண்டாவது நாள் எடுத்த ரத்தம்

செஞ்சியில இருந்து பேசுறேன். பின்னாடி பஸ் ஹாரன் கேட்டா மன்னிச்சுக்கோங்க, நம்ம ஸ்டூடியோங்கறது வீட்டு மாடி ரூம்தான். வழக்கமா இங்க சாப்ட்வேர் பத்திப் பேசுவோம். இன்னிக்கு ஒரு ரத்தப் பரிசோதனை பத்திப் பேசப் போறேன். அதுக்குப் பேரு சிபிகே. புதுசா வர்ற ரிப்போர்ட்ல சிகேன்னு போட்டிருப்பாங்க. கிரியேட்டின் கைனேஸ். தசைக்குள்ள இருக்கிற ஒரு நொதி, அதாவது என்சைம்.

இதை ஏன் எடுத்தேன்னு முதல்ல சொல்லிடுறேன்.

போன மாசம் சென்னையில இருந்து ஆபீஸ் நண்பர்கள் வந்திருந்தாங்க. 2025 ஜூலையில யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல நம்ம கோட்டை சேர்ந்ததுல இருந்து, "மச்சி, உங்க ஊரைக் காட்டு"ங்கிற தொல்லை ஜாஸ்தி ஆயிடுச்சு. ஞாயிற்றுக்கிழமை ராஜகிரி ஏறினோம். கிட்டத்தட்ட 800 அடி உயரம். நான் இந்த ஊர்க்காரன்னுதான் பேரு, ஏறி நாலு வருஷம் ஆச்சு. உட்கார்ந்தே வேலை பாக்குற உடம்பு. ஏறும்போது மூச்சுதான் வாங்குச்சு. இறங்கும்போதுதான் தொடை நடுங்க ஆரம்பிச்சது. திங்கட்கிழமை மாடிப்படி இறங்க சுவரைப் பிடிச்சுக்கிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில, கம்பெனி ஏற்பாடு பண்ணின ஹெல்த் செக்கப்புக்கு வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துட்டுப் போனாங்க. சாயங்காலம் மொபைல்ல ரிப்போர்ட். சிபிகே 2,914. பக்கத்துல நார்மல்னு போட்டிருந்தது 200-க்குள்ள. எஸ்ஜிஓடியும் ஏறியிருந்தது. ரெண்டும் சிவப்பு எழுத்து.

நெட்ல தேடினேன். முதல்ல வந்தது ஹார்ட் அட்டாக். அடுத்து தசைச் சிதைவு. அடுத்து கிட்னி. ராத்திரி தூக்கம் போச்சு.

என்கூட ப்ளஸ் டூ படிச்ச ஒரு பொண்ணு இங்க ஒரு லேப்ல டெக்னீஷியன். புதன்கிழமை காலையில போன் பண்ணினேன். "இருபத்தெட்டு வயசுல 2,914-ப்பா"ன்னேன். அவ என் நெஞ்சு வலிக்குதான்னு கேட்டா, யூரின் கலர் கேட்டா. ரெண்டுமே பிரச்சனை இல்லைன்னதும் அடுத்த கேள்வி: "ஞாயிற்றுக்கிழமை என்ன பண்ண?"

மலை ஏறினேன்னு சொன்னேன். சிரிச்சா. "டாக்டரைப் பாரு, அதுல சந்தேகமே வேணாம். ஆனா பயப்படாத. நாளைக்கு லேப்புக்கு வா, திரும்ப ஓட்டிக் காட்டுறேன்"ன்னா. டாக்டரும் அதையேதான் சொன்னார்: தண்ணி நல்லா குடி, ஓய்வா இரு, பத்து நாள் கழிச்சுத் திரும்ப எடு.

வியாழக்கிழமை லேப்புக்குப் போனேன். அங்க பாத்ததைத்தான் இப்ப உங்களுக்குச் சொல்லப் போறேன். அதுக்கு முன்னாடி இந்த நொதி தசைக்குள்ள என்ன வேலை பாக்குதுன்னு சுருக்கமா.

தசை சுருங்க ஏடிபி வேணும். அதுதான் கையில இருக்கிற சில்லறைக் காசு. ஆனா தசைக்குள்ள ஏடிபி கையிருப்பு ரொம்பக் கம்மி, ரெண்டு மூணு வினாடிக்குத்தான் வரும். நீங்க திடீர்னு பஸ்ஸைப் பிடிக்க ஓடுறீங்க. மூச்சு வாங்கி, ஆக்சிஜன் வந்து, சர்க்கரை எரிஞ்சு ஏடிபி உண்டாகறதுக்கு நேரம் ஆகும். அந்த இடைவெளியைச் சமாளிக்க தசை ஒரு சேமிப்பு வெச்சிருக்கு, அதான் கிரியேட்டின் பாஸ்பேட். அதுல இருக்கிற பாஸ்பேட்டை எடுத்து, செலவாகிப்போன ஏடிபியான ஏடிபி-யின் மிச்சம், அதாவது ஏடிபி ஒரு பாஸ்பேட் இழந்தா வர்ற ஏடிடி மாதிரி ஒண்ணுன்னு நான் முதல்ல உளறினேன், அதுக்குச் சரியான பேரு அடினோசின் டைபாஸ்பேட். அதுக்கு அந்தப் பாஸ்பேட்டைக் கொடுத்துத் திரும்ப ஏடிபி ஆக்குறதுதான் கிரியேட்டின் கைனேஸோட வேலை. பத்து வினாடி போல தாங்கும். பஸ்ஸைப் பிடிக்க அது போதும்.

இந்தக் கிரியேட்டின் பாஸ்பேட்டைக் கண்டுபிடிச்சவங்கள்ல ஒருத்தர் சென்னையில படிச்சவர். எல்லாப்பிரகடா சுப்பாராவ். 1895-ல பீமவரத்துல பிறந்து, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்சார். கதர் போட்டுக்கிட்டு வந்ததால பேராசிரியரோட கோபத்துக்கு ஆளாகி, எம்பிபிஎஸ்-க்குப் பதில் எல்எம்எஸ்ங்கிற சின்னப் பட்டத்தோட வெளிய வந்தார்னு அவரோட வாழ்க்கை வரலாறுகள் சொல்லுது. அமெரிக்கா போய் ஹார்வர்டுல சைரஸ் ஃபிஸ்க்கோட சேர்ந்து, திரவத்துல பாஸ்பரஸ் எவ்வளவு இருக்குன்னு நீல நிறத்தை வெச்சு அளக்கிற முறையை 1925-ல வெளியிட்டார். அந்த அளவுகோலைத் தசைச் சாறுல வெச்சுப் பாக்கும்போதுதான், கணக்குல இடிக்கிற பாஸ்பரஸ் ஒண்ணு தட்டுப்பட்டது. 1927-ல அது கிரியேட்டின் பாஸ்பேட்னு உறுதியாச்சு. இன்னிக்கு நம்ம ஊர் லேப்ல சிபிகே கிட் பாட்டிலைத் திறந்தா, உள்ள இருக்கிற முக்கியமான பொருள் அதே கிரியேட்டின் பாஸ்பேட்தான்.

சரி, லேபுக்குள்ள வாங்க.

என்கிட்ட எடுத்த ரத்தத்தை உறைய விட்டு, சென்ட்ரிஃபியூஜ்ல சுத்தி, மேல நின்ன மஞ்சள் சீரத்தைப் பிரிச்சு எடுத்தா. நான் கேட்டேன்: "இதுல எத்தனை என்சைம் இருக்குன்னு மெஷின் எப்படி எண்ணும்?"

"எண்ணாது. எவ்வளவு வேகமா வேலை செய்யுதுன்னுதான் பாக்கும்"ன்னா.

எனக்கு அங்கதான் விஷயம் பிடிபட்டுச்சு. சர்க்கரைன்னா டெசிலிட்டருக்கு எவ்வளவு மில்லிகிராம்னு வரும். அது அளவு. சிபிகே-க்கு லிட்டருக்கு இத்தனை யூனிட்னு வரும். ஒரு யூனிட்னா, ஒரு நிமிஷத்துல ஒரு மைக்ரோமோல் பொருளை மாத்துற வேலைத்திறன். ஒரு கடையில எத்தனை ஆள் வேலை பாக்குறாங்கன்னு உள்ள போய்ப் பாக்க முடியாது. ஆனா வாசல்ல நின்னு, நிமிஷத்துக்கு எத்தனை பார்சல் வெளிய வருதுன்னு எண்ணலாம். சாப்ட்வேர் ஆளுங்களுக்குச் சொன்னா, சர்வர் எத்தனைன்னு தெரியாது, த்ரூபுட் தெரியும்.

இன்னொரு சிக்கல். கிரியேட்டின் கைனேஸ் செய்யிற வேலை கண்ணுக்கும் தெரியாது, மெஷினுக்கும் தெரியாது. நிறம் எதுவும் மாறாது. அதனால அதுக்குப் பின்னாடி இன்னும் ரெண்டு நொதியை வரிசையா நிக்க வெச்சிருக்காங்க. நம்ம நொதி ஏடிபி செய்யும். அந்த ஏடிபி-யை ஹெக்ஸோகைனேஸ்ங்கிற ரெண்டாவது நொதி எடுத்து குளுக்கோஸ் மேல பாஸ்பேட்டை ஒட்டும். அப்படி ஒட்டின குளுக்கோஸை மூணாவது நொதி பிடிச்சு, அதுல இருந்து என்ஏடிபிஹெச்ங்கிற பொருளை உண்டாக்கும். இந்தக் கடைசிப் பொருள் 340 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதா ஒளியை உறிஞ்சும். மெஷின் பாக்குறது அந்த ஒளியை மட்டும்தான். ஒரு ஏடிபி-க்கு ஒரு என்ஏடிபிஹெச். ரெண்டாவது, மூணாவது நொதிகளை வேணும்னே தாராளமாப் போட்டிருப்பாங்க, அப்பதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது முதல் ஆளா மட்டும் இருக்கும். 1955-ல ஆலிவர் கொண்டுவந்து, 1967-ல ரோசால்கி மெருகேத்தின முறை இது.

அவ ரீஏஜென்ட் 1000 மைக்ரோலிட்டர் எடுத்தா, என் சீரம் 40 மைக்ரோலிட்டர் சேத்தா. 37 டிகிரி சூடு. மெஷின் உடனே கணக்கெடுக்கலை. சங்கிலி முழுசா ஓட ஆரம்பிக்கக் கொஞ்ச நேரம் ஆகும், அது வரைக்கும் காத்திருந்து, அப்புறம் நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுதுன்னு குறிச்சுக்கிட்டே வரும். ஏறுற கோடு நேரா இருக்கணும்.

என்னோடது நேரா இல்லை. சட்டுன்னு ஏறி வளைஞ்சிடுச்சு. மெஷின் எச்சரிக்கை காட்டுச்சு. நொதி ஜாஸ்தி, பாட்டில்ல இருக்கிற சரக்கு சீக்கிரம் தீருது, அதனால வேகம் குறைஞ்ச மாதிரி தெரியுது. கவனிக்காம விட்டா நிஜத்தை விடக் கம்மியான எண் வந்திடும். அவ சீரத்தை சலைன்ல பத்து மடங்கு நீர்த்து, திரும்ப ஓட்டினா. இப்ப கோடு நேரா வந்தது. நிமிஷத்துக்கு 0.045.

கணக்கைப் பேப்பர்ல போட்டுக் காட்டினா. ஒரு லிட்டர்ல ஒரு மைக்ரோமோல் என்ஏடிபிஹெச் இருந்தா, ஒரு சென்டிமீட்டர் அகலக் குப்பியில உறிஞ்சுதல் 0.00622. அப்ப 0.045-ஐ அதால வகுத்தா 7.23. மொத்தம் 1040 மைக்ரோலிட்டர்ல என் சீரம் 40 மட்டும், அதனால 26-ஆல பெருக்கினா 188. பத்து மடங்கு நீர்த்ததுக்குப் பத்தால பெருக்கினா 1,881. செவ்வாய்க்கிழமை 2,914, வியாழக்கிழமை 1,881. இறங்க ஆரம்பிச்சிடுச்சு.

"இதுல ஏமாந்து போக என்னென்ன வழி இருக்கு?"ன்னு கேட்டேன். நம்ம தொழில் புத்தி, பக் எங்கன்னுதானே தேடும்.

அடுக்கினா. ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைஞ்சா, அதுக்குள்ள இருக்கிற அடினைலேட் கைனேஸ்ங்கிற வேற நொதி தானும் ஏடிபி செஞ்சு கணக்குல கலந்திடும். அதைத் தடுக்க ரீஏஜென்ட்லயே தடைப்பொருள் சேர்த்திருக்காங்க, ஆனா ரொம்ப உடைஞ்ச சாம்பிளை அதுவும் காப்பாத்தாது. நம்ம நொதி காத்து பட்டு, நேரம் ஆக ஆகச் சோர்ந்து போகும். அதைத் திரும்ப எழுப்ப அசிட்டைல் சிஸ்டின் சேர்த்திருக்கும். சூடு மாறினா எண் மாறும். இதெல்லாம் லேபுக்குள்ள நடக்கிறது. லேபுக்கு வெளிய நடக்கிறதுதான் பெரிசு. தசையில போடுற ஊசி போட்டிருந்தா ஏறும். நம்ம ஊர்ல "ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர்"னு கேட்டு வாங்குறவங்க எத்தனை பேர்! கீழ விழுந்து அடிபட்டா ஏறும். வலிப்பு வந்தா ஏறும். சிலருக்குக் கொலஸ்ட்ரால் மாத்திரையால ஏறும். பழக்கமில்லாத கடுமையான உடற்பயிற்சி பண்ணினா ஏறும். அதுலயும் மலை ஏறுறதை விட இறங்குறதுதான் மோசம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுக்கிட்டே உடம்பு பாரத்தைத் தாங்குது. அப்பதான் தசை இழைகளோட சவ்வு கிழியும், உள்ள இருந்த நொதி ரத்தத்துல கசியும். ஒண்ணுல இருந்து நாலு நாளைக்குள்ள உச்சத்துக்குப் போகும். எனக்கு ரெண்டாவது நாள் ரத்தம் எடுத்திருக்காங்க. எஸ்ஜிஓடியும் தசைக்குள்ள இருக்கிற நொதிதான், அதனால அதுவும் கூடவே ஏறியிருக்கு.

பத்து நாள் மலை, ஜிம் எதுவும் இல்லாம இருந்துட்டுப் போனேன். நிமிஷத்துக்கு 0.039. நீர்க்க வேண்டியதே இல்லை. 163.

இதோட எபிசோடை முடிச்சிருக்கலாம். அந்த 163-ஐப் பாத்துட்டு வெளிய வந்தப்ப எனக்கு ஒருத்தன் ஞாபகம் வந்தான். அதான் இந்த எபிசோடே.

நாலாவது வரைக்கும் என் பெஞ்ச்ல உட்கார்ந்தவன். அவன் நடக்கும்போது ரெண்டு பக்கமும் ஆடி ஆடி, நுனிக்கால்ல நடப்பான். நாங்க வெச்ச பேரு "வாத்து". நானும்தான் கூப்பிட்டேன். அடிக்கடி விழுவான். தரையில இருந்து எழுந்திரிக்கணும்னா, முதல்ல கையை ஊனி, அப்புறம் முழங்காலைப் பிடிச்சு, தொடையைப் பிடிச்சு, தன் உடம்பு மேலேயே ஏறுற மாதிரி எழுந்திரிப்பான். கெண்டைக்கால் மட்டும் பெரிய பையனுது மாதிரி தடிமனா இருக்கும். "இவ்வளவு பெரிய காலை வெச்சுக்கிட்டு ஓட மாட்டேங்கறான், சோம்பேறி"ன்னு பெரியவங்களே சொல்லுவாங்க. ஒரு தடவை வகுப்போட கோட்டைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அவன் கல்யாண மஹால் வரைக்கும் வந்தான். நாங்க ராஜகிரி ஏறிட்டுத் திரும்பி வர்ற வரைக்கும் அங்கயே உட்கார்ந்திருந்தான். மேல பாலம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டான். நான் பெருமையடிச்சேன்.

அவங்க அம்மாவைப் பாக்கப் போனேன். இந்த விஷயத்தைப் பேசலாமான்னு கேட்டேன். "பேசு தம்பி. பேரு மட்டும் வேணாம்"னாங்க. மீதியை அவங்கதான் சொன்னாங்க.

ஆறு வயசுல காய்ச்சல்னு ஒரு இடத்துல ரத்தம் எடுத்தப்ப, எஸ்ஜிபிடி ஜாஸ்தின்னு வந்திருக்கு. கல்லீரல்ல ஏதோன்னு சொல்லி மாத்திரை. வீட்டுல மஞ்சள் காமாலைன்னு முடிவு பண்ணி, பாட்டி தினம் கீழாநெல்லி அரைச்சு மோர்ல கலந்து கொடுத்திருக்காங்க. பத்தியச் சாப்பாடு, எண்ணெய் கிடையாது. திரும்ப எடுத்தா அதே ஜாஸ்தி. திரும்ப கீழாநெல்லி. இப்படி மூணு வருஷம். கண்ணு மஞ்சளாவே இல்லைங்கிறதை யாரும் யோசிக்கலை. எஸ்ஜிபிடி தசையில இருந்தும் வரும்கிறதையும் யோசிக்கலை. ஒன்பது வயசுல வேற ஒரு டாக்டர், அவன் தரையில இருந்து எழுந்திரிக்கிறதைப் பாத்துட்டு, வேற எதையும் கேக்காம சிபிகே எழுதிக் கொடுத்திருக்கார்.

18,600.

ட்யூஷேன் தசைச் சிதைவு. தசை இழையோட சவ்வை உள்ள இருந்து தாங்கிப் பிடிக்கிற டிஸ்ட்ரோஃபின்ங்கிற புரதம் உடம்புல உண்டாகாது. நான் ஒரு நாள் ராஜகிரி இறங்கினதுல என் தசைக்கு நடந்தது, அவனுக்குத் தரையில இருந்து ஒவ்வொரு தடவை எழுந்திரிக்கும்போதும் நடந்துக்கிட்டே இருந்திருக்கு. எனக்குப் பத்து நாள்ல சரியாச்சு. அவனுக்கு இறங்கவே இல்லை. இந்த நோய் இருக்கிறவங்க ரத்தத்துல இந்த நொதி எக்கச்சக்கமா இருக்குன்னு ஜப்பான்ல எபாஷியும் அவர் கூட இருந்தவங்களும் 1959-லயே எழுதிட்டாங்க. அவனுக்கு மூணு வருஷம் லேட் ஆனது, விஞ்ஞானம் தெரியாததால இல்லை. யாரும் அந்த டெஸ்ட்டைக் கேக்கலை, அவ்வளவுதான்.

"சீக்கிரம் தெரிஞ்சிருந்தா மட்டும் என்ன, பொழைச்சிருப்பானா?"ன்னு கேக்கலாம். நானும் அதை வாய்விட்டுக் கேக்காமக் கேட்டேன். முழுசாக் குணமாக்க அப்பவும் மருந்து இல்லை, இப்பவும் இல்லை. ஆனா ஸ்டீராய்டு மருந்தை டாக்டர் பார்வையில உரிய நேரத்துல ஆரம்பிச்சா, நடக்கிற காலத்தை நீட்டிக்கலாம். காலை நீட்டி மடக்குற பயிற்சி, இதயப் பரிசோதனை, மூச்சுக்கு உதவி, இதுக்கெல்லாம் நாள் கிடைக்கும். சோம்பேறின்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அது சின்ன விஷயம் இல்லை.

அப்புறம் அம்மா இன்னொண்ணு சொன்னாங்க. அவனுக்கு ஏழு வயசு இருக்கும்போது தம்பி பிறந்திருக்கான். இது தாய் வழியா ஆண் குழந்தைக்கு வரக்கூடிய குறைபாடு. மூணுல ஒரு பங்கு போல குழந்தைக்குப் புதுசாவே வரும். ஆனா தாய் கேரியரா இருந்தா, பிறக்கிற ஒவ்வொரு பையனுக்கும் வர பாதி வாய்ப்பு. அது தெரியாமலே ரெண்டாவது குழந்தை பெத்திருக்காங்க. பெரியவன் ரிப்போர்ட் வந்த வாரமே, ரெண்டு வயசுச் சின்னவனுக்கும் ரத்தம் எடுத்திருக்காங்க. "காலையில கொடுத்தோம், சாயங்காலம் வரச் சொன்னாங்க. நான் வீட்டுக்கே போகலை. அந்த பெஞ்ச்லயே உட்கார்ந்திருந்தேன்"னாங்க.

112.

ரெண்டு ரிப்போர்ட்டையும் ஒரே பிளாஸ்டிக் கவர்ல பீரோவுல வெச்சிருக்காங்க. எடுத்துக் காட்டினாங்க. அவன் ஆறாவதுக்கு வரலை. பத்தொன்பது வயசுல போயிட்டான். அப்ப நான் காலேஜ்ல இருந்தேன், சாவுக்கு வரலை. பரீட்சைன்னு சொன்னேன். பரீட்சை இருந்தது உண்மைதான்.

சரி. இதைக் கேக்குறவங்களுக்குச் சில விஷயம் சொல்லிட்டு முடிக்கிறேன். நான் டாக்டர் இல்லை, டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்னு மட்டும்தான் சொல்றேன்.

உங்க வீட்டு ஆண் குழந்தை ஒன்றரை வயசு ஆகியும் நடக்கலையா, ஓடத் தெரியாம அடிக்கடி விழுறானா, மாடிப்படிக்குக் கம்பியைப் பிடிக்கிறானா, தொடையில கை ஊனி எழுந்திரிக்கிறானா, கெண்டைக்கால் பெருத்திருக்கா, "சிபிகே பாக்கலாமா டாக்டர்?"னு கேளுங்க. கல்லீரல்ல காரணம் எதுவும் தெரியாம எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி ஏறியே இருந்தாலும் கேளுங்க. எண் பல ஆயிரத்துல வந்தா, அடுத்தது மரபணுப் பரிசோதனை. வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர் மாதிரி பெரிய மருத்துவமனைக்கு நம்ம பக்கத்துல இருந்து போயிட்டு வர முடியும். அம்மாவுக்கோ அக்காவுக்கோ கேரியர்தானான்னு பாக்கணும்னா சிபிகே மட்டும் பத்தாது. கேரியரா இருக்கிற பல பெண்களுக்கு அது நார்மலாவே வரும். அதுக்கும் மரபணுப் பரிசோதனைதான்.

பெரியவங்களுக்கு: டெஸ்ட்டுக்கு முன்னாடி ஒரு வாரம் கடுமையான உடற்பயிற்சி வேணாம். ஊசி போட்டிருந்தா, விழுந்திருந்தா, என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு, லேப்லயும் டாக்டர்கிட்டயும் சொல்லுங்க. கொலஸ்ட்ரால் மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. உடற்பயிற்சிக்கு அப்புறம் தாங்க முடியாத வலியோட யூரின் டிகாஷன் கலர்ல போச்சுன்னா, அது காத்திருக்கிற விஷயம் இல்லை, கிட்னியைப் பாதிக்கும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

அந்த மெஷின் வேகத்தை மட்டும்தான் சொல்லும். 2,914-ம் அது சொன்னதுதான், 18,600-ம் அது சொன்னதுதான். எனக்கு "ஞாயிற்றுக்கிழமை என்ன பண்ண?"ன்னு கேக்க ஒரு ஆள் இருந்தா. அவனுக்கு "எப்படி எழுந்திரிக்கிறான்?"னு பாக்க ஒரு ஆள் வர மூணு வருஷம் ஆச்சு.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் தம்பியோட ராஜகிரி போனேன். இப்ப அவன் காலேஜ் படிக்கிறான். எனக்கு முன்னாடி ஏறிட்டான். இறங்கும்போது கல்யாண மஹால் பக்கம் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். "அண்ணன் இங்கயா உட்கார்ந்திருந்தான்?"னு கேட்டான். ஆமான்னேன்.

அடுத்த எபிசோட்ல வழக்கம்போல சாப்ட்வேர் பத்திப் பேசலாம்.